கீழ்ப்பங்கு

மூத்தவன் பங்கு பிரித்தால் இளையவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டுக் குடும்பங்கள் பலவற்றில் இது எழுதாத சட்டம். பிரிக்கிறவன் கள்ளத்தனம் பண்ணினால் அது அவன் தலையிலேயே விடியும் என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். அப்பா போன பிறகு தைரியராஜ் நடுவில் வரப்புப் போட்டு, மேட்டை ஒரு பங்கு, சரிவை ஒரு பங்கு என்று பிரித்துவிட்டு, "எது வேணுமோ எடுத்துக்கம்மா" என்று தங்கச்சியைப் பார்த்தான். ஜோதி மேரி யோசிக்கவே இல்லை, கீழ்ப்பங்கை எடுத்தாள். எத்தனை மழை பெய்தாலும் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது. வீடு கட்ட அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. சிதம்பரம் அண்ணாமலை நகரில், பல்கலைக்கழக மாணவியர் விடுதிக் காப்பாளராக இருந்தே தலை நரைத்துவிட்டது. ஊரான் வீட்டுப் பெண்களையெல்லாம் பத்திரமாகப் பார்த்துக்கொண்டவளுக்குச் சொந்தமாக ஒரு கூரை இல்லை. ஓய்வு பெற்றாயிற்று. கிறிஸ்துமஸுக்குள் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். சேர்த்து வைத்ததையெல்லாம் கீழ்ப்பங்கில் கொட்டினாள். கடக்கால் தோண்டி, சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் காலையில் கொத்தனார் காத்தவராயன் போன் செய்தார். "யம்மா, சமையக்கட்டு மூலையக் காணோம். ஒடனே வாங்க."

காணோம் என்றால் நிஜமாகவே காணோம். சுவரும் கடக்காலும் சேர்ந்து ஒரு பள்ளத்துக்குள் போயிருந்தன. எட்டிப் பார்த்தால் அடியில் செம்மண்ணைக் குடைந்துகொண்டு, ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு பொந்து. அதற்குள் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

காத்தவராயன் மண்வெட்டியால் பள்ளத்தின் விளிம்பைக் கொத்தினார். பனங்கட்டைகள் தெரிந்தன. அவற்றின்மேல் பரப்பிய தகரம். தகரத்துக்கு மேலே இறுக்கி மிதித்த மண். "இங்க முன்னாடியே ஒரு ஓட்டை இருந்திருக்கும்மா. யாரோ மூடி வச்சிருக்காங்க" என்றார்.

பச்சைப் பெயிண்ட் அடித்த தகரம். அப்பாவின் மாட்டுக்கொட்டகைக் கூரை அது. பங்கு பிரிப்பதற்குச் சற்று முன்புதான் தைரியராஜ் கொட்டகையைப் பிரித்தான். தகரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாக அவளிடம் சொல்லியிருந்தான்.

அது இங்கே எப்படி வந்தது? இருந்தாலும் கூடப்பிறந்தவன் ஆயிற்றே, வேறு காரணம் இருக்கும் என்று மனசு நொண்டிச்சாக்குத் தேடியது. மறுநாள் பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றிப் பாடம் எடுக்கும் செம்பியனைப் போய்ப் பார்த்தாள்.

"மேட்டுல எங்கயோ மழத்தண்ணி உள்ள எறங்குது மேடம்" என்றார் அவர். "எளகின மண்ண அரிச்சு அரிச்சு அதுவே குழாய் போட்டுக்கும். மேல பாத்தா நெலம் காஞ்சு கெடக்கும். உள்ள மண்ணு கரைஞ்சு ஓடைக்குப் போய்க்கிட்டே இருக்கும். ஒரு நாள் கூரை தாங்காம உள்வாங்கிடும்."

"தண்ணி நிக்காத எடம்னு ஆசையா எடுத்தேன் சார்."

"நிக்காம எங்க போகுதுன்னு பாத்திருக்கணும்."

"கான்கிரீட் போட்டு அடைச்சிட்டா?"

"நடுவுல அடைச்சா தண்ணி பின்னால தேங்கும். வேற பக்கம் ஒடைச்சுக்கும். மொதல்ல எங்க எறங்குதுன்னு கண்டுபிடிங்க."

துணிக்குப் போடும் சொட்டு நீலம் நாலைந்து புட்டி வாங்கிக்கொண்டு ஜோதி மேரி மேல்பங்குக்கு ஏறினாள். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. அண்ணன் வீட்டுக் கொல்லையிலிருந்து ஒழுங்காக வெட்டிய வாய்க்கால் ஒன்று முந்திரி மரங்களுக்குள் போய், ஒரு பொந்தின் வாயில் முடிந்தது. வீட்டு முற்றத்து மழையும் காட்டு மழையும் அதற்குள் மடமடவென்று இறங்கின. புட்டிகளை அதில் கவிழ்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து காத்தவராயன் கத்தினார். "வந்துடுச்சும்மா! நீலமா வருது!"

சத்தம் கேட்டுத் தைரியராஜ் ஓடிவந்தான். பின்னாலேயே அவன் மனைவி சவரிமேரி.

"கீழ கான்கிரீட் போட்டு அடைக்கப் போறேண்ணா" என்றாள் ஜோதி மேரி.

"அய்யய்யோ, அடைச்சிடாத! தண்ணி பூரா என் ஊட்டுப் பக்கம் திரும்பிடும்."

"அப்ப எல்லாம் தெரியும் ஒனக்கு."

 சவரிமேரி முந்திரி மரத்தைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும்.

"நான் மேல்பங்க எடுத்திருந்தா என்னா பண்ணியிருப்ப?"

"நீ எடுக்க மாட்டன்னு தெரியும். சின்ன வயசுலேர்ந்தே அந்த எடத்துமேல ஒனக்கு ஒரு கண்ணு."

இவளுடைய ஆசையை அளந்து வைத்துக்கொண்டுதான் வரப்பே போட்டிருக்கிறான். "ஏண்ணா இப்புடிப் பண்ண?" என்று கேட்டாள்.

"ஒனக்குக் கெடுதல் பண்ணணும்னு இல்லம்மா" என்றான். அதை உண்மையாகவே சொன்னான், அதுதான் கொடுமை. "தண்ணி போக ஒரு எடம் வேணும், வேற பக்கம் வழியில்ல. கீழ வெறும் காடாவே கெடக்கும்னு நெனச்சோம். ஊடு கட்டுவேன், ஊடு கட்டுவேன்னு நீ சொல்லிக்கிட்டுதான் இருந்த. ஆனா நெசமாவே இங்க வந்து இருப்பன்னு நாங்க யாரும் நெனக்கல."

நாங்க யாரும். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடித்த விஷயம். அவள் மட்டும்தான் இத்தனை வருஷமாக ஊருக்கு வருவதாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

காத்தவராயன் மேலே ஏறிவந்து, சிமெண்ட் கலக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். அண்ணனின் பேரப்பிள்ளைகள் ஜன்னலில் நின்று மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வேணாம். தொறந்தே கெடக்கட்டும்" என்றாள். அடுத்தவர் வீடு என்ன ஆகும் என்று யோசிக்கிற புத்தி அண்ணனுக்கு வராமல் தனக்கு மட்டும் ஏன் வந்து தொலைத்தது என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

தைரியராஜுக்கு மூச்சு வந்தது. சவரிமேரியின் முகமும் தெளிந்துவிட்டது. அவள் ஜோதி மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மழயில நிக்காத, வா. மீன் கொழம்பு வச்சிருக்கேன், சாப்ட்டுட்டுப் போ" என்றாள். கூடவே, சிதம்பரம் போக அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் சொன்னாள்.