பனிமேல் வைத்த ஆரஞ்சு

மார்ச் முப்பத்தொன்றுக்குள் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்று ஊராட்சி அலுவலகப் பெண் நான்காவது முறையாகச் சொல்லிவிட்டுப் போனாள். நான்கு முறையும் இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டபடிதான் சொன்னாள். அதனால் இகுயோவுக்குக் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று.

ஹொக்கைடோவின் வடக்கே, மாட்டுக்கும் பனிக்கும் மட்டும் குறைவில்லாத அந்த ஊரில், வெளியூரிலிருந்து வந்து வாழ்ந்து பார்க்க நினைப்பவர்களுக்கென்று ஒரு வீடு வைத்திருந்தார்கள். ஆறு மாதம் இருக்கலாம். அதற்குள் வேறு வாடகை வீடு பிடித்துக்கொள்ள வேண்டும். ஏப்ரலில் அடுத்த குடும்பம் வந்துவிடும். அக்டோபரில் கணவன் தெட்சுரோவோடு ஒசாகாவிலிருந்து வந்து இறங்கியபோது இகுயோவுக்கு இது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. தெருவில் பாதி வீடுகள் பூட்டித்தானே கிடந்தன!

பிப்ரவரி ஆகியும் ஒரு பூட்டும் திறக்கவில்லை. ஊராட்சி மூலம் ஐந்து பேரைக் கேட்டாயிற்று. ஐந்து பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். உள்ளே முன்னோர் மாடம் இருக்கிறது, ஆகஸ்டில் பிள்ளைகள் கும்பிட வருவார்கள், வெளியாள் இருந்தால் சரிப்படாது. உயிரோடு இருந்தவர்கள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட்ட வீடுகளில் இறந்தவர்கள் மட்டும் குடியிருந்தார்கள். அவர்களைக் காலி செய்யச் சொல்ல யாருக்கும் மனமில்லை.

ஒசாகாவில் இகுயோவின் அக்கா ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள வர்றீங்களா இல்லையான்னு சொல்லிடு. என் பொண்ணு அங்க பியானோவைப் போடணும்னு நிக்கிறா" என்று போன வாரம் போனில் கறாராகச் சொல்லியிருந்தாள்.

இகுயோ சரி என்றே சொல்லிவிட நினைத்தாள். ஆறு வருடத்தில் மூன்று வீடு மாறியாயிற்று. நாற்பத்துமூன்று வயதில் இன்னொரு முறை பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்ற வேண்டும் என்ற நினைப்பே தோள்பட்டையை வலிக்க வைத்தது. ஆனால் வீடு கேட்டுக் கேட்டு நிற்பது அதைவிட அலுப்பாக இருந்தது.

தெட்சுரோவை நினைத்தால்தான் வாய் வரவில்லை. ஒசாகாவில் அவன் ஒரு சரக்குக் கம்பெனியில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன். கடைசி வருடம் அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒருநாள் காலை ரயில் நிலையத்தில் மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் நின்றபடி, வந்த ரயில்களையெல்லாம் போகவிட்டுக்கொண்டிருந்தான். நிலைய ஊழியர்தான் இகுயோவை அழைத்துச் சொன்னார். இங்கே வந்து, விடியுமுன் எழுந்து பிறத்தியார் மாடுகளுக்குப் பால் கறந்து, தொழுவம் கழுவி, சாப்பிட்டதும் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போகிறான். குறட்டைகூட விடுகிறான். அந்தக் குறட்டையை மறுபடி ஒசாகாவுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மத்தியானம் இகுயோ வேலை பார்த்த கூட்டுறவுக் கடையில் கூட்டமில்லை. அவள் காதலர் தின சாக்லேட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கல்லாவில் இருந்த தொகாஷி இருபது வருடமாக அதே நாற்காலியில் உட்கார்ந்து ஊரையே எடைபோட்டவள்.

"ஏம்மா ஒசாகாக்காரி, நாளைக்குப் பதினாலு. புருஷனுக்கு ஒண்ணு எடுத்து வைக்கலியா? மறுநாள் பாதி விலைக்கு வரட்டும்னு பார்க்கிறியா?"

"அவர் மேல அடிக்கிற மாட்டு வாசனைக்கு சாக்லேட்டாவது ஒண்ணாவது."

தொகாஷி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "பதினாலுன்னா, கொமாய் வருவாரே."

"எங்கே?"

"உன் பக்கத்து வீட்டுக்குத்தான். அவங்க அம்மா செத்துப்போன தேதி. மாசாமாசம் வந்து மாடத்துல சோறு வச்சு மணியடிச்சிட்டுப் போவார். போன மாசம்தான் உள்ளேயே போகலை."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன! வாசல் இருந்தாத்தானே உள்ள போறதுக்கு?"

இகுயோவின் கை அடுக்கிலேயே நின்றது.

டிசம்பரிலிருந்து விழுந்த பனியையெல்லாம் அவள் அந்தப் பூட்டிய வீட்டு முன்னால்தான் தள்ளிக்கொண்டிருந்தாள். பனி கொட்ட அவர்களுக்கென்று சொல்லியிருந்த இடம் வீட்டின் பின்னால், மேட்டில் இருந்தது. ஒரு மண்வாரி நிறையப் பனியை அந்த மேட்டில் ஏற்றுவதற்குள் மூச்சு வாங்கும். பக்கத்து வீடு சரிவில் இருந்ததால் தள்ளினால் தானே ஓடியது. யாரும் இல்லாத வீடுதானே என்றிருந்தாள். பொய் சொல்வானேன், அந்த ஐந்து வீடுகளில் முதலாவது அதுதான். எங்களுக்குத்தான் இல்லை என்று சொல்லிவிட்டீர்களே, என் பனியாவது அங்கே இருக்கட்டும் என்று ஓரிரு நாள் வீம்பாகவும் தள்ளியிருக்கிறாள்.

"யாரும் ஒரு வார்த்தை சொல்லலியே" என்றாள்.

"யாரு சொல்லுவா? இந்த ஊருல பொண்டாட்டியைக்கூட மூஞ்சிக்கு நேராத் திட்ட மாட்டாங்க. அடுத்தவங்க இடத்துல பனியைத் தள்ளுறவளுக்கு வீடு கொடுக்க மாட்டாங்க, அவ்வளவுதான்."

"நீங்களாவது சொல்லியிருக்கலாம்."

"இப்ப சொல்லலியா? சொல்லலாமா வேண்டாமான்னு ஒரு மாசமா மென்னு முழுங்கிட்டிருக்கேன்." தொகாஷி குரலைத் தாழ்த்தினாள். "பாவம் மனுஷன். கொண்டுவந்த ஆரஞ்சை அந்தக் குவியல் மேலயே வச்சுக் கும்பிட்டுட்டுத் திரும்பிட்டாராம். தபால்காரர் பார்த்துட்டு வந்து சொன்னார்."

அந்த ஆரஞ்சை இகுயோ தின்றுவிட்டிருந்தாள்.

இலையுதிர் காலம் முழுக்க அக்கம்பக்கத்தார் பேர் சொல்லாமல் வாசலில் உருளைக்கிழங்கும் பூசணியும் வைத்துவிட்டுப் போனார்கள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து எடுத்துவந்தாள். கல்லாக உறைந்திருந்தது. அவளும் தெட்சுரோவும் ஆளுக்குப் பாதியாகக் கடித்தார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. காலை ஏழு மணிக்கே மண்வாரியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மேலே இருந்த புதுப்பனி சுலபமாக வந்தது. அதற்குக் கீழே இரண்டு மாதப் பனி இறுகிப் பாறையாகியிருந்தது. இரும்பு பட்ட இடத்தில் வெள்ளைக் கீறல்தான் விழுந்தது. குத்தினாள், பெயர்த்தாள், அள்ளிச் சாலையோரத்தில் கொட்டினாள். இமை மயிரில் மூச்சு உறைந்து ஒட்டியது. எட்டு மணிக்குக் கண்ணாடி முன்வாசலின் மேல்விளிம்பு தெரிந்தது. வெறும் ஒரு சாண். வீடு கேட்பதற்காக அவள் இதைச் செய்யவில்லை. கேட்பது முடிந்துவிட்டது. போகும்போது இந்த அசிங்கத்தை விட்டுவிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்குத் தெட்சுரோ தொழுவத்திலிருந்து வந்தான்.

"என்ன பண்றே? அது நம்ம வீடு இல்லை."

அவள் நிமிராமலே எல்லாவற்றையும் சொன்னாள். ஆரஞ்சு வரைக்கும் சொன்னாள்.

"நானும் பாதி தின்னேனே!"

"அதான் உன்கிட்ட சொல்றேன்."

அவன் குளிக்கக்கூடப் போகாமல் இரும்புக் கடப்பாரையை எடுத்து வந்தான். பக்கத்தில் நின்று குத்தத் தொடங்கியதும் பாலும் சாணியும் கலந்த வாடை வந்தது. "காதலர் தினத்துக்கு எனக்கு எதுவும் இல்லையா?" என்று கேட்டான்.

"இதோ பனி. வேணும்கிறமட்டும் எடுத்துக்கோ."

சிரித்தான். பிறகு சிரிக்காமல் கேட்டான். "அக்காவுக்கு இன்னிக்குத்தானே பதில் சொல்லணும்?"

"ஆமாம்."

"நீ என்ன சொன்னாலும் சரி, இகுயோ. எனக்காக இங்க இருந்து நீ தேய்ஞ்சு போறதை நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

அவள் ஒரு பெரிய கட்டியைப் பெயர்த்தாள். அது அவள் காலருகே விழுந்து உடைந்தது. பேசினால் கை ஓய்ந்துவிடும்போல் இருந்தது.

பதினோரு மணிக்குக் கொமாயின் சின்ன லாரி வந்து நின்றது. ஐம்பத்தைந்து வயதிருக்கும், கட்டையான மனிதர். துணியில் பொதிந்த கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கி, வெட்டியிருந்த பாதையையும் வியர்வையில் ஆவி பறக்க நின்ற இருவரையும் பார்த்தார். இகுயோ கையுறையைக் கழற்றிவிட்டு, தலை முழங்காலைத் தொடும் அளவுக்குக் குனிந்தாள்.

"கொமாய்சான், ரெண்டு மாசமா உங்க வாசல்ல பனி தள்ளினது நான்தான். தெரியாம பண்ணினேன்னு சொல்ல மாட்டேன். பாதி தெரிஞ்சேதான் பண்ணினேன். மன்னிச்சிடுங்க."

"சரி, சரி. நிமிருங்க. முதுகு பிடிச்சுக்கும்."

"இன்னும் ஒண்ணு இருக்கு. போன மாசம் நீங்க வச்ச ஆரஞ்சு... யாரோ எங்களுக்கு வச்சதுன்னு நினைச்சு நாங்க தின்னுட்டோம்."

கொமாய் முகத்தில் எதுவும் அசையவில்லை. "உறைஞ்சிருந்துதா?"

"ஆமாம்."

"அப்படியேவா தின்னீங்க? எப்படி இருந்துது?"

தெட்சுரோதான் பதில் சொன்னான். "பல்லெல்லாம் கூசிச்சு. ஆனா நல்லா இருந்துது."

கொமாயின் தோள்கள் குலுங்கின. முதலில் இருமுகிறார் என்றுதான் இகுயோ நினைத்தாள். "எங்கம்மா பனியில புதைச்சு வச்சுத்தான் திம்பாங்க" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நரி தின்னிருக்கும்னு நினைச்சேன். மனுஷங்கதான் தின்னாங்களா! வாங்க உள்ள. வெளியில நின்னா வேர்வை உறைஞ்சிடும்."

உள்ளே வெளியைவிடக் குளிராக இருந்தது. பாய் விரித்த அறையின் மூலையில், கறுத்த மரத்தில் ஆளுயர மாடம். மேலே சுவரில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்மணியின் படம், யாரையோ அதட்டப் போகிற முகம். கொமாய் சோற்றுக் கிண்ணத்தை வைத்தார். மணியைத் தட்டினார். நகர்ந்து இடம் விட்டார். இகுயோவும் தெட்சுரோவும் ஊதுபத்தி ஏற்றி வைத்துக் கும்பிட்டார்கள். பனியைப் பற்றி இகுயோ அந்தப் படத்திடமும் ஒருமுறை மன்னிப்புக் கேட்டாள்.

"என் வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம்னுதான் பார்த்தேன்" என்றார் கொமாய், மாடத்தைப் பார்த்தபடியே. "அங்க மாமனாரோட மாடம் இருக்கு. ஒரே வீட்டுல ரெண்டு கூடாதும்பாங்க. அதுவும் இல்லாம, ரெண்டு பேருக்கும் உயிரோட இருந்தப்பவே ஆகாது. அதான் இவங்க இங்க தனியா. மாசத்துல ஒருநாள் சோறு."

இகுயோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சாய்ந்திருக்கக் கூடாதுதான்; உடம்பு கேட்கவில்லை. "அவங்க இருந்தா எங்களுக்கு என்ன?" என்றாள். சொல்லிய பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. "நான் வீடு கேட்கலை, கொமாய்சான். கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. எப்படியும் தினமும் காலையில சோறு ஆக்குறேன். ஒரு கிண்ணம் எடுத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதைத்தான் சொன்னேன்."

ஊதுபத்தி பாதி எரிந்தது. பிறகு கொமாய் முழங்காலில் கையூன்றி எழுந்து சமையலறைக்குப் போனார்.

"இங்க வாங்க ரெண்டு பேரும்."

தொட்டிக்குக் கீழே, தரையோடு தரையாக ஒரு துருப்பிடித்த திருகு. அவர் குனிந்து அதைப் பிடித்தார்.

"படுக்கப் போறதுக்கு முன்னால இதை வலப்பக்கம் திருப்பணும். குழாய்த் தண்ணியெல்லாம் பூமிக்குள்ள இறங்கிடும். காலையில இடப்பக்கம். ஒருநாள் மறந்தாலும் போச்சு, தண்ணி உறைஞ்சு குழாய் வெடிச்சிடும். இது கொஞ்சம் அடம் பிடிக்கும். கடைசியில ஒரு அழுத்து அழுத்தணும். எங்க, திருப்புங்க பார்க்கலாம்."

இகுயோ அவரைப் பார்த்தாள். "நான் எதுக்கு..."

"வேற யாரு திருப்புறது? நான் அஞ்சு கிலோமீட்டர் தள்ளி இருக்கேன்."

தெட்சுரோ முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். இகுயோ மண்டியிட்டுத் திருகைப் பிடித்தாள். வீங்கிய விரல்களுக்கு அது அசையவில்லை. கொமாய் உதவவில்லை, காத்திருந்தார். இரண்டாவது முறை உடம்பையே சாய்த்து அழுத்தியதும் கிறீச்சென்று திரும்பியது.

"ஆகஸ்டுல மூணு நாள் என் தம்பி குடும்பம் வரும்" என்றார். "அஞ்சு பேர். நல்லாக் குடிப்பாங்க."

"வரட்டும்" என்றாள்.

வெளியே வந்ததும் கொமாய் சாலையோரத்தைப் பார்த்து நின்றுவிட்டார். காலையிலிருந்து அவர்கள் வெட்டிக் கொட்டிய பனி அங்கே இடுப்புயரத்துக்கு நின்றது.

"அங்க கொட்டக் கூடாது. சாலையில பனி ஒதுக்குற வண்டி அதை அப்படியே தொகாஷி வீட்டு வாசல்ல தள்ளிடும்."

இகுயோவுக்கு அழுகை வந்தது. அதற்குக்கூடத் தெம்பில்லை. "அப்ப எங்கதான் கொட்டுறது?"

அவர் எதிர்ப்புற வயலைக் கைகாட்டினார். "அது என் நிலம். ஏப்ரல் வரைக்கும் அங்க ஒண்ணும் இல்லை. எவ்வளவு வேணும்னாலும் போடுங்க."

லாரி போய்விட்டது. இகுயோவின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அக்காவாகத்தான் இருக்கும். கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிப் போனை எடுத்தாள்.

"அக்கா, பியானோவை வச்சுக்கச் சொல்லு" என்றாள். "இல்லை, அழலை. மூக்கு உறைஞ்சிருக்கு. அப்புறம் பேசுறேன், வேலை இருக்கு."

தெட்சுரோ அதற்குள் முதல் கட்டியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடக்கத் தொடங்கியிருந்தான்.