மிளகாய் நெடி

ஓட்டுக் கூரையில் பதித்த கண்ணாடி வழியே வெயில் ஒரு கோலாக இறங்கும். வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கோலுக்குள் சாம்பிராணிப் புகை ஏறும். மெல்ல. அவசரமில்லாமல்.

அதைப் பார்த்தால் வடிவுக்கு, சாமி வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல இருக்கும்.

மகள் குழலிக்கு நான்கு வயது. நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி குடியிருப்பதுபோல மூச்சு கரகரக்கும். இளைப்பு என்றார் டாக்டர். வாயில் வைத்து இழுக்கிற மருந்துப் பம்பு கொடுத்தார். வீட்டில் புகை ஆகாது என்றார்.

நம் வீட்டில் கேஸ் அடுப்புதானே என்று வடிவு நிம்மதியாகத் திரும்பினாள். சாம்பிராணியும் புகைதான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பிள்ளைக்கு இளைத்த நாளில் இன்னும் ஒரு பிடி போட்டாள். வேண்டிக்கொண்டு போட்டாள்.

ஐப்பசி மழை பிடித்தது. பாளையங்கோட்டையில் அவர்கள் குடியிருந்த வளவில் எல்லா வீட்டுச் சுவர்களும் வியர்த்தன. வடிவு ஜன்னலை அடைத்தாள்.

குழலி எதிர்வீட்டுக்கு ஓடினாள். ரெஜினா வீடு. தனியாக இருப்பவள். வடிவு வீட்டுக்கு வந்தால் வாசலோடு நின்றுகொள்வாள். அங்கே வெறும் பாயில் படுத்ததும் பிள்ளை தூங்கிப்போனாள். பூனைக்குட்டியின் சத்தமே இல்லை.

தன் வீட்டில் வராத மூச்சு அங்கே வந்தது. அதுதான் வடிவைச் சுட்டது.

வடிவு ரெஜினா வாசலில் நின்று பார்ப்பாள். உள்ளே போகமாட்டாள். தூங்கும் பிள்ளையின் நெஞ்சில் ரெஜினாவின் கை இருக்கும். பெற்றவள் நான். சுமந்தவள் நான். மூச்சை மட்டும் அவளிடம் போய் வாங்குகிறாள்.

“ஏட்டி, அங்க அப்பிடி என்னதான் இருக்கு?”

“ஒண்ணுமே இல்லம்மா” என்றாள் குழலி.

பிள்ளை இல்லாதவள், கண் வைக்கிறாள். அப்படி நினைத்ததற்கு வடிவு வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டும் அந்த நினைப்பை விடவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குழலியை உட்காரவைத்தாள். மிளகாயும் உப்பும் மூன்று சுற்று. கரித்தணலில் போட்டாள். கண் பட்டிருந்தால் நெடி வராது என்பார்கள். வரக்கூடாது என்று காத்திருந்தாள். ரெஜினாதான் காரணமாக இருக்கவேண்டும் என்று காத்திருந்தாள்.

நெடி வந்தது. அடைத்த அறைக்குள் குப்பென்று வந்தது.

குழலி இருமினாள். பிறகு இருமவும் முடியவில்லை. உதடு நீலம் பாரித்தது.

“வெளிய கொண்டாங்க மதினி!” புகைக்குள் பாய்ந்து வந்த ரெஜினா பிள்ளையை வாரிக்கொண்டு முற்றத்து மழையில் தன் வீட்டுக்கு ஓடினாள். “பம்பு எங்க?”

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து வடிவு எடுத்து ஓடினாள். முதல்முறையாக ரெஜினாவின் வாசலைத் தாண்டினாள்.

ரெஜினா பிள்ளைக்குப் பம்பு கொடுத்தாள். மூச்சு கொஞ்சம் சீரானது. அப்புறம்தான், தன் ரவிக்கைக்குள்ளிருந்து இன்னொரு பம்பை எடுத்துத் தன் வாயில் வைத்தாள்.

வடிவு சுற்றிப் பார்த்தாள். திரைச்சீலை இல்லை. கொசுவர்த்தி இல்லை. துணி மூட்டை இல்லை. ஈரத்துணியால் துடைத்த தரை. திறந்த ஜன்னல். ஒன்றுமே இல்லை.

“எனக்கும் எளைப்பு உண்டும்லா மதினி. அதான் வீடு இப்பிடி மொட்டையாக் கெடக்கு.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

“சாமிக்குப் போடுத புகை. நான் போயி எப்பிடிச் சொல்ல?”

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரெஜினாவின் மடியில் குழலி. அப்போதும் வடிவுக்குள் அது லேசாகச் சுட்டது. சுட்டபடியே ரெஜினாவின் நனைந்த தலையைத் தன் முந்தானையால் துவட்டினாள்.

வெள்ளிக்கிழமை. மழை விட்டிருந்தது. ஜன்னலைத் திறந்துவைத்தாள். ஒரு சின்ன விளக்கு, கொஞ்சம் துளசி. சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ரெஜினா வாசலோடு நின்றாள். இத்தனை நாளும் ஏன் அங்கேயே நின்றாள் என்று வடிவுக்கு இப்போதுதான் புரிந்தது.

“உள்ள வா. ஒண்ணுமே இல்ல.”

கூரையிலிருந்து வெயில் ஒரு கோலாக இறங்கியது. அதற்குள் குழலி தூங்கினாள். நெஞ்சு ஏறி இறங்கியது. மெல்ல. அவசரமில்லாமல்.