மூன்றாம் தடவையே தெரிந்த பழுது

என் பெண்டாட்டி ரெபேக்காள் சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் செங்கல்பட்டில் எங்கள் தெருக்காரர்கள் என்னைத் துக்கம் விசாரிக்கிற முகத்தோடுதான் பார்க்கிறார்கள். மகள் சிநேகாவுக்கு ஓசூரில் வேலை. அவளுக்குப் பிள்ளை பிறந்ததும் மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று ரெபேக்காள் போனாள். மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் போனில் பேரனைக் காட்டுவாள். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு கார்ட்டூன் கேட்பான். மற்ற ஆறு நாளும் நானும் சீலிங் ஃபேனும்தான்.

பேர் ஏசுதாஸ். முப்பது வருஷமாக எலக்ட்ரீஷியன். வாய்க்கொழுப்பு உண்டு, வேலையில் குறை வைக்கமாட்டான் என்று நாலு பேர் சொல்வார்கள். வாய்க்கொழுப்பு இன்னும் இருக்கிறது.

மாமல்லபுரத்தில் கடற்கரைப் பக்கம் பஷீருதீன் பாய் ஹோட்டல் வைத்திருக்கிறார். அதற்கு வயரிங் செய்தது நான். ஆடி மாதம் ஒருநாள் அவரிடமிருந்து போன்.

"அண்ணாத்த, கிச்சன்ல ஈ.எல்.சி.பி. டிரிப் ஆயிகினே கீது. கிரைண்டரு, மிக்ஸி எல்லாம் பாதில நிக்குது. பேஜாரா கீது, வந்து பாரு."

ஈ.எல்.சி.பி. என்பது மெயின் போர்டில் இருக்கிற சின்னப் பெட்டி. எங்காவது கரண்டு கசிந்தால், அது ஒரு மனுஷனைக் கொல்வதற்கு முன்னால் பட்டென்று அணைத்துவிடும். அது விழுந்தால் திட்டக் கூடாது, கும்பிட வேண்டும். ஆனால் எப்போதாவது மட்டும் விழுகிற பழுது இருக்கிறதே, அது எங்கள் தொழிலுக்குப் பிடித்த சனி. நாம் போய் நின்றால் எல்லாம் ஒழுங்காக ஓடும். நம் தலை மறைந்ததும் விழும்.

திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர் பைக்கில் போனேன். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தேன். எல்லாம் யோக்கியமாக ஓடின. பதினொரு மணி ஆகிவிட்டது. கடை திறக்குமுன் ஆட்கள் சாப்பிடுகிற நேரம். பாய் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய தாலத்தில் சோற்றைக் கொட்டி, நடுவில் மீன் குழம்பை ஊற்றி, சுற்றி உட்கார்ந்து எல்லாரும் அதிலேயே சாப்பிடுவார்கள். பாய், கிரில் போடுகிற அதீப், ஒரு சப்ளையர், மூன்று பேர். பாத்திரம் கழுவுகிற கல்யாணி மட்டும் தன் தட்டோடு பக்கத்தில் உட்காருவாள்.

"உக்காரு அண்ணாத்த. நாலு பேரு இருந்தாதான் தாலம்" என்று பாய் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அதீப் தன் பக்கமிருந்த மீன் துண்டை என் பக்கம் தள்ளினான்.

"இன்னாண்ணா, கோழி கொத்துற மாரி சாப்டுற? நல்லா அள்ளு" என்றாள் கல்யாணி.

இன்னொருவர் விரல் படுகிற சோற்றைத் தின்று எத்தனை நாள் ஆயிற்று! கண்ணில் தண்ணீர் முட்டியது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மூன்றாம் தடவை போனபோது பழுது தெரிந்துவிட்டது. டிரிப் ஆகிற நேரங்களைக் காலண்டர் தாளில் குறித்து வைக்கும்படி கல்யாணியிடம் சொல்லியிருந்தேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் எல்லாம் எட்டு மணி நேரக் கணக்கில் வந்தது. கிச்சனில் எட்டு மணி நேரத்துக்கு ஒருதரம் தானாக ஓடுகிற சாமான் ஒன்றே ஒன்றுதான். நாலு கதவு ஃப்ரீசர். உள்ளே கட்டின பனியை உருக்க அதில் ஒரு ஹீட்டர் உண்டு. கரண்டு கசிகிறதா என்று சோதிக்கிற மெக்கர் மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஹீட்டருக்குள் ஈரம் இறங்கியிருந்தது. ஈரம் கூடின நாளில் விழும், காய்ந்த நாளில் விழாது. போதாததற்கு, எர்த் கம்பியும் உப்புக் காற்றில் பாதி இத்துப்போயிருந்தது.

ஸ்குரூடிரைவரைக் கையில் எடுத்தேன். "தாலம் வெச்சாச்சு, வாண்ணா" என்று அதீப் கூப்பிட்டான். ஸ்குரூடிரைவரைத் திரும்பப் பையில் போட்டேன்.

"கெடச்சுதா?" என்றார் பாய்.

"இல்ல பாய். இன்னும் பாக்கணும்."

வாய் கூசாமல் சொன்னேன். அந்த ஈ.எல்.சி.பி. பெட்டி காவலுக்கு இருக்கிறவரை யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பழுதைச் சரிசெய்துவிட்டால் முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற என்னை எவன் கூப்பிடுவான்? அப்புறம் இன்னும் மூன்று தடவை போனேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன், வெட்கக்கேடு.

பிறகு ஒரு வாரம் போன் வரவில்லை. பொறுக்கமாட்டாமல் நானே கிளம்பிப் போனேன். பாய் வாசலிலேயே சிரித்தார்.

"கரண்டு இப்ப போறதே இல்ல அண்ணாத்த. சனிக்கிழம கூட்டத்துல மூணு வாட்டி வுழுந்துச்சு. பக்கத்துத் தெரு ஆளக் கூப்டேன். டைரக்ட் பண்ணிட்டான்."

டைரக்ட் என்றால் காவல் பெட்டியை ஒதுக்கிவிட்டு நேராக லைன் கொடுப்பது. உள்ளே ஓடினேன். கல்யாணி தொட்டியோரம் கையை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் எல்லாம் ரப்பர் ஷூ போட்டிருப்பார்கள். அவள் மட்டும் செருப்பு வழுக்குது என்று ஈரத்தில் வெறுங்காலோடு நிற்பாள்.

"காலையில ஃப்ரீசர் கதவத் தொட்டேண்ணா. தூக்கி எறிஞ்சிச்சு. சொன்னா பிரமைன்றாங்கோ. அவுங்க தொட்டா ஒண்ணும் ஆவல. நீ பாத்து சொல்லுண்ணா. நீ சொன்னா நம்புவாங்கோ."

திருடனுக்குத் தேள் கொட்டினது போல நின்றேன். பிறகு போய் மெயினை அணைத்தேன்.

"கல்யாணி சொன்னது நெஜம் பாய். ஃப்ரீசர் ஹீட்டர்லேர்ந்து லீக்கு. அது ஓடுறப்ப மட்டும் பாடியில கரண்டு வரும். எர்த்தும் இத்துப்போச்சு. கை ஒட்டிகினு இருந்தா இவ போயிருப்பா."

பாய் நெஞ்சில் கை வைத்தார். "யா அல்லா! நல்லவேள, இன்னிக்கு நீ வந்து கண்டுபுடிச்ச."

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. தாலத்தில் எனக்கு ஆயுசுக்கும் இடம் இருந்திருக்கும். ஆனால் கல்யாணி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"இன்னிக்கு கண்டுபுடிக்கல பாய். எனுக்கு பதினெட்டு நாளா தெரியும்."

பாய் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார்.

"தெரிஞ்சிகினே ஏன் சொல்லல?" என்றார் பாய்.

"ரிப்பேர் பண்ணிட்டா அப்பால கூப்ட மாட்டீங்க."

"சோத்துக்கா?" என்றாள் கல்யாணி.

"சோறு நானே பொங்கிப்பேன்மா. கூட உக்கார ஆளில்ல."

பாய் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாயிருக்கும். அவரோ, "சும்மா வந்திருந்தாலே உக்கார வெச்சிருப்பேனே அண்ணாத்த" என்றார். கல்யாணி எழுந்து பின்வாசல் பக்கம் போய்விட்டாள்.

அன்றைக்கே புது ஹீட்டர் வாங்கி வந்து மாட்டினேன். பின்பக்கம் குழி தோண்டி, செம்புக் கம்பி இறக்கி, புதிதாக எர்த் போட்டேன். காவல் பெட்டியைத் திரும்ப இணைத்து, பத்துத் தடவை சோதித்தேன். நான் குழியில் நின்றிருந்தபோது அவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். சத்தம் கேட்டது. யாரும் கூப்பிடவில்லை. கிளம்பும்போது அதீப் ஒரு பார்சலைக் கொண்டுவந்து பைக்கில் மாட்டினான்.

"பாய் குடுக்கச் சொன்னாரு. வூட்டுக்குப் போயி சாப்டுங்க."

பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திப் பிரித்தேன். மீன் துண்டு பெரிதாகவே வைத்திருந்தார்கள். சாப்பிட முடியவில்லை.

நாற்பது நாள் ஆகிறது. நேற்று நானே போன் போட்டேன்.

"கரண்டு எப்டி கீது பாய்?"

"சூப்பரா கீதுங்க. ஒரு வாட்டிகூட வுழல. நல்ல வேல செஞ்சிருக்கீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நல்ல வேலைதான். முப்பது வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை. இனி என் ஆயுசுக்கும் அந்தக் கிச்சனில் பழுது வராது.