நாலு மடிப்புக் கணக்கு

பலவேசத்துக்கு வாய்த்த காது வேறு யாருக்கும் வாய்க்கவில்லை என்பது பலவேசமே ஊருக்குச் சொன்ன செய்தி. கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகளை இருபத்திரண்டு வருஷமாகப் பிரித்து மாட்டுகிறவன். வண்டி தெருமுனை திரும்பும்போதே, "ரெண்டாவது சிலிண்டர் செத்துப்போச்சு" என்பான். பல நேரம் அது சரியாகவும் இருந்துவிடும். அதுதான் வினையாகிப்போனது.

அளவு பார்க்கும் கருவி எதையும் அவன் தொடமாட்டான். கேஜ் வைத்துப் பார்க்கிறவன் காது கேட்காதவன் என்பது அவன் கட்சி. ஒரே விதிவிலக்கு டேப்பட். எஞ்சின் தலையில் வால்வுக்கும் அதை அமுக்குகிற கைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வேண்டும். அதை அளக்க அவன் வைத்திருந்த கருவி, பரிசு விழாத லாட்டரிச் சீட்டு. நாலாக மடித்து உள்ளே விட்டு, லேசாக இழுபட்டு வந்தால் இடைவெளி சரி. பரிசு விழாத சீட்டுக்கு அவனிடம் என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருந்தான்.

அரசாங்கம் லாட்டரியைத் தடை செய்த வருஷம், "போலீசு வந்து பெட்டியத் தொறந்தா ஒன்னைய யாவாரின்னு சொல்லிருவாக" என்று அவன் மனைவி மலையம்மாள் அத்தனை சீட்டையும் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டாள். பலவேசம் கலங்கவில்லை. தினசரிக் காலண்டரில் தாளைக் கிழித்தான், நாலாக மடித்தான், வேலையைத் தொடர்ந்தான். காகிதம் என்றால் எல்லாம் காகிதம்தானே! ஜீப்புகள் அதையும் பொறுத்துக்கொண்டன. பதினெட்டுப் பேரை ஏற்றினாலே பொறுத்துக்கொள்கிற ஜாதி அது.

ஓடைப்பட்டி பாண்டீஸ்வரனின் கார் அப்படிப் பொறுக்கிற ரகமில்லை. மேகமலையில் தேயிலை எஸ்டேட் நடத்திய வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன வண்டி. சிவப்பு நிறம், கூரை கிடையாது, இரண்டே இருக்கை. திராட்சை நல்ல விலை போன ஒரு வருஷத்தில் பாண்டீஸ்வரன் அதை வாங்கினார். எதற்கு வாங்கினார் என்று அவர் மனைவி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். தை மாசம் பலவேசம் அதற்குக் காலண்டர் தாளில் டேப்பட் வைத்துக் கொடுத்தபோது, டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்த எஞ்சின் வாயை மூடிக்கொண்டது. "ஏலே, சத்தமே இல்லையேடா! ஓன் காது காதுதான்!" என்று பாண்டீஸ்வரன் தோளில் தட்டினார். பலவேசத்துக்கு அன்றைக்கு இரவுச் சாப்பாடு தேவைப்படவில்லை.

வைகாசியில் அவர் மகள் கயலுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அஜய்குமார் போடியில் ஏலக்காய் வியாபாரக் குடும்பம். மாப்பிள்ளை அழைப்பு துரை வண்டியில்தான் என்று பாண்டீஸ்வரன் சின்னமனூர் சந்தை வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் வண்டி தன் குணத்தைக் காட்டியது. தார் ரோட்டில் விட்டால் பறந்தது. மேளக்காரர்களுக்குப் பின்னால் நடக்கிற வேகத்தில் போகச் சொன்னால் இருமியது, குலுங்கியது, பத்தாவது நிமிஷம் நின்றது. மாப்பிள்ளை அழைப்பு என்பது நடக்கிற வேகத்தில்தான் போகும். மாப்பிள்ளையை எண்பதில் அழைக்கிற வழக்கம் எந்தச் சாதியிலும் கிடையாது.

பலவேசம் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். பிளக்கை மாற்றினான். ஒவ்வொரு தடவையும் விடிகாலையில் வந்து, குளிர்ந்திருக்கிற எஞ்சினைச் சரிசெய்து, கோயிலைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிக் காட்டி, டீ குடித்துவிட்டுப் போனான். வெயிலேறி வண்டி சூடானதும் பழைய கதை. பெண் வீட்டுச் சொந்தங்கள் திருஷ்டி என்றார்கள். பூசணிக்காய் உடைத்ததில் பூசணிக்காய் மட்டும் உடைந்தது.

கடைசியில் மின்பொறி கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றித் தேனிக்கு அனுப்பினார்கள். அங்கே சங்கரலிங்கம் என்று ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன். கண்ணாடி போட்ட மனிதர். ஒரு ஸ்க்ரூவைத் திருகுவதற்கு முன்னால் மூன்று கருவியை எடுத்து வைப்பவர். அதற்குள் இருக்கிற பாயிண்ட் முனையைச் சுத்தம் செய்து, கூடவே ஒரு சீட்டும் எழுதி அனுப்பினார்: 'இதில் கோளாறு இல்லை. எஞ்சின் சூடாக இருக்கும்போது டேப்பட்டைப் பார்க்கவும்.'

பலவேசம் அதைப் படித்துவிட்டுப் பாண்டீஸ்வரன் வீட்டு முற்றத்தில், பத்துப் பேர் முன்னால் சிரித்தான். "சத்தமே இல்லாத டேப்பட்டுல என்ன கோளாறு இருக்கும்? அண்ணே, முன்னால கொஞ்சமா இருந்த கோளாறு, இந்தத் தேனிக்காரரு கை வச்சதுல பெருசாப்போச்சு."

பத்துப் பேரும் நம்பினார்கள். சத்தமாகச் சொன்னால் நம்புகிறவர்கள். பாண்டீஸ்வரன் கோபக்காரர். சங்கரலிங்கத்துக்கென்று பெயர் எழுதி வைத்திருந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்து, பெயரை அடித்துவிட்டு வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். பலவேசத்துக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் டீ நன்றாக இருந்தது.

அழைப்புக்கு முதல்நாள் மத்தியானம் ஒத்திகை. வண்டி வழக்கம்போல் காய்கறிக்கடை வாசலில் நின்றது. போடியிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் மாமா, "எங்க கார கொண்டாந்துருவோம், நீங்க சிரமப்பட வேணாம்" என்று மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதையைத்தான் பாண்டீஸ்வரனால் தாங்க முடியவில்லை. மாமா போன பிறகு பலவேசத்தின் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு நடுத்தெருவுல நின்னா என்னடா செய்ய? மாப்பிள்ளைய எறக்கித் தள்ளச் சொல்லவா? எம் மக கல்யாணம்டா." குரல் உடைந்திருந்தது. திட்டியிருந்தால் பலவேசத்துக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

விடியும்வரை காத்திருக்க மனசில்லை. முதல் தடவையாகப் பலவேசம் கொதிக்கிற எஞ்சினைத் திறந்தான். விரலைச் சுட்டுக்கொண்டு காலண்டர் தாளை நாலாக மடித்து விட்டுப்பார்த்தான். போகவில்லை. இரண்டாக மடித்தான். போகவில்லை. ஒற்றைத் தாளும் முனையில் கசங்கி நின்றது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. லாட்டரிச் சீட்டில் பாதிக் கனம்கூட இல்லாத தாள் அது. சூடேறினதும் வால்வு நீண்டு, மூட இடமில்லாமல் லேசாகத் திறந்தே நிற்கிறது. வேகமாக ஓடும்போது கசிய நேரமில்லை. மெதுவாகப் போனால் எஞ்சினின் மூச்செல்லாம் அந்த வழியாகப் போய்விடுகிறது. நாலு மாசமாக அவன் காது ரசித்த அமைதி இதுதான். தேனிக்காரர் வண்டியைப் பார்க்காமலே, சத்தத்தைக் கேட்காமலே, இரண்டே வரியில் எழுதி அனுப்பியதும் இதுதான்.

சட்டைப்பையில் அவனுக்கு வைத்த கல்யாணப் பத்திரிகை இருந்தது. கனமான அட்டை. இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டினான். நாலு மடிப்புச் சீட்டின் கனம் விரலுக்குத் தெரியும். பிளேடால் ஓரத்தை நறுக்கி, அதை உள்ளே விட்டு எட்டு வால்வையும் சரிசெய்தான். எஞ்சின் மறுபடி டிக் டிக்கென்று அடிக்க ஆரம்பித்தது. அரைமணி நேரம் நடக்கிற வேகத்தில் ஓட்டிப் பார்த்தான். நிற்கவே இல்லை. என்ன கோளாறு என்று பாண்டீஸ்வரன் கேட்டதற்கு, "சரியாப்போச்சுண்ணே" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் நாலு மணிக்குப் பிள்ளையார் கோயிலிலிருந்து அழைப்பு கிளம்பியது. இரண்டே இருக்கை. ஒன்றில் மாப்பிள்ளை, ஒன்றில் ஓட்டுகிற பலவேசம். முன்னால் தவிலும் நாதஸ்வரமும், சரவெடியும். வண்டி கல்யாண வீட்டுப் பெண்கள் நடக்கிற நடையில் அழகாக நகர்ந்தது. காய்கறிக்கடையைத் தாண்டியதும், வண்டியை ஒட்டி நடந்துவந்த பாண்டீஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்துப் பலவேசத்தின் தோளில் போட்டார்.

"பாத்தீகளா சம்பந்தி? அந்தத் தேனிக்காரன் கெடுத்து வச்சத எங்காளு காதாலயே கண்டுபிடிச்சுட்டான்!"

சம்பந்தி தலையாட்டினார். மாப்பிள்ளையும் திரும்பி மரியாதையாகப் பார்த்தான். பலவேசத்துக்குத் துண்டு கழுத்தில் கனத்தது. இந்தத் துண்டுக்காகத்தான் இருபத்திரண்டு வருஷமாக வாய் கிழியப் பேசியிருக்கிறான். இப்போது அது கிடைத்த விதம் அவனுக்கு வெட்கமாக இருந்தது. அடக்க முடியாத வெட்கம்.

"அண்ணே, அவரு இல்லண்ணே" என்றான்.

"என்னடா?" மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

"அவரு கெடுக்கலண்ணே!"

"சத்தமாச் சொல்லு!"

பலவேசம் அடிவயிற்றிலிருந்து கத்தினான். அதே நேரம் நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவதற்காக வாத்தியத்தை இறக்கினார், தவிலும் நின்றது. "கோளாறு பண்ணுனது நாந்தாண்ணே! காலண்டர் தாள வச்சுக் கெடுத்தேன்! அந்த மனுசன் மேல பொய்யாப் பழியப் போட்டேன்!"

தெரு முழுக்கக் கேட்டது. மாடியில் நின்றவர்களுக்கும் கேட்டது. எஞ்சின் மட்டும் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. பலவேசம் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலையும் எடுக்கவில்லை.

பாண்டீஸ்வரன் தான் போட்ட துண்டையே பார்த்தார். திரும்ப எடுக்க ஒரு கை நீண்டது, சம்பந்தியைப் பார்த்ததும் மடங்கிக்கொண்டது. மேளக்காரர்களைப் பார்த்து, "வாசிங்கய்யா!" என்று அதட்டினார். பிறகு குனிந்து பலவேசத்தின் காதோரம், அந்தப் புகழ்பெற்ற காதோரம் சொன்னார்: "மண்டபத்துல மாப்பிள்ளைய எறக்கிவிட்டுட்டு நேரா தேனிக்குப் போ. வெத்தல பாக்கு வச்சு, நீயே அவுகளக் கூப்புடு. பத்திரிகை எல்லாம் தீந்துபோச்சு. ஓன் பத்திரிகையக் குடு."

ஏழு மணிக்குச் சங்கரலிங்கம் கடை மூடுகிற நேரத்தில் பலவேசம் போய் நின்றான். கழுத்தில் பட்டுத் துண்டு அப்படியே கிடந்தது. தாம்பாளத்துக்குப் பதில் செய்தித்தாள் ஒன்றில் வெற்றிலை, பாக்கு, அவன் பெயரை அடித்து அவர் பெயர் எழுதிய பத்திரிகை. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். சங்கரலிங்கம் பத்திரிகையை விளக்கில் திருப்பிப் பார்த்தார்.

"ஓரத்த யாரு அறுத்தது?"

"அதுதாண்ணே நான் கேஜா வச்சது."

அவர் மேஜை டிராயரைத் திறந்து, திருகி அளக்கிற ஒரு சின்னக் கருவியை எடுத்து, பத்திரிகையின் விளிம்பை அதில் கவ்வவைத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பலவேசம் பரீட்சை எழுதினவன்போல நின்றான்.

"சரியாத்தான் இருக்கு," என்றார் சங்கரலிங்கம். பத்திரிகையைப் பத்திரமாக டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். "காலையில முகூர்த்தத்துக்கு வந்துர்றேன். பஸ்ல வர்றேன்."