கொப்பளிக்காத வாய்

பல்லைப் பிடுங்கிய ஐந்தாம் நாள் காலையில், தொண்டையார்பேட்டை வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஜெரினா வாயைத் திறந்தாள். கையில் செல்போன் விளக்கு. கீழ்வரிசையின் கடைசியில், பல் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். ரத்தமும் இல்லை, சதையும் இல்லை; அடியில் எலும்பு மாதிரி வெளிறிப்போய் என்னவோ தெரிந்தது. மூச்சு விட்டாள். குப்பென்று வந்த நாற்றம் அவளுக்கே குமட்டியது. அது அவளுக்குத் தெரிந்த நாற்றம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் புருஷன் ரஷீதின் வாயில் அடித்ததும் இதுதான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனுஷன். வாயில் புகையிலை இல்லாமல் ஒரு மணி நேரம் இருக்க மாட்டார். வலிக்கிறது என்று ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். புண் ஆறவில்லை. ஆறிடும், ஆறிடும் என்று இரண்டு மாதம் ஓட்டினார்கள். அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரியில் கேன்சர் என்றார்கள். அடுத்த நோன்புக்கு ஆள் இல்லை.

ஜெரினா புகையிலையைக் கையால்கூடத் தொட்டவள் இல்லை. ஆனால் பயம் வந்துவிட்டால் நியாயம் பேசுமா? 'பதினெட்டு வருஷம் அவர் பக்கத்திலேயே படுத்தாயே, ஒட்டியிருக்காதா?' என்று கேட்டது அது.

இதில் கூத்து என்னவென்றால், அந்தப் பல்லுக்குப் பெயர் ஞானப்பல்லாம். நாற்பத்தாறு வயதில் குறுக்கே படுத்துக்கொண்டு பக்கத்துப் பல்லை முட்டிய தறுதலைக்கு ஞானமாம், ஞானம்! அதை வெட்டி எடுத்த டாக்டர் ராமசெல்வி படித்துப் படித்துச் சொல்லியனுப்பினார்.

"நான் பாத்துச் சொல்ற வரைக்கும் வாய் கொப்பளிக்காதீங்க. துப்பாதீங்க. குழியில ரத்தம் உறைஞ்சு மூடி மாதிரி நிக்கணும். அது பேந்துட்டா புண்ணு ஆறாது."

ஜெரினா அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எச்சிலைக்கூட விழுங்கினாள். பக்கத்து வீட்டு மலிகா, "வெந்நீல உப்பப் போட்டு நாலு தபா கொப்பளிச்சா எல்லாம் சரியாப் பூடும்கா" என்று சொம்போடு வந்தபோது, "எட்த்துகினு போடி. கொப்பளிக்கவே கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க" என்று விரட்டிவிட்டாள். இத்தனை ஒழுங்காக இருந்தும் ஆறவில்லையென்றால் அது வெறும் புண்ணாக இருக்க முடியாது. அந்த நினைப்புதான் அவளைக் கொன்றது.

மூன்றாம் நாளிலிருந்து வலி காதுக்குள் ஏறி நெற்றிப்பொட்டில் இடித்தது. மாத்திரைக்கு மசியவில்லை. ஐந்து வேளையும் தொழுகையை விடாமல், சஜ்தாவில் தலையைத் தரையில் வைக்கும்போதெல்லாம் வலியில் கண் இருட்ட, "யா அல்லா, இந்தப் புண்ணு ஆறிடணும். எம் பொண்ணத் தனியா உட்றாத" என்று மன்றாடினாள். அந்தப் பெண் ஃபராவுக்கு இருபத்திரண்டு வயது, விம்கோ நகரில் ஒரு கம்பெனியில் வேலை. அவளிடம் ஜெரினா மூச்சு விடவில்லை. பீரோ சாவி எங்கே, நகை எந்த டப்பாவில் என்று மட்டும் பேச்சுவாக்கில் காட்டிவைத்தாள். ஃபரா ஏன் எதற்கென்று கேட்காமல் தலையாட்டினாள். கேட்காததே நல்லது என்று நினைத்துக்கொண்டாள் ஜெரினா.

ஆனால் இன்று கதவிடுக்கில் ஃபரா பார்த்துவிட்டாள்.

"இன்னாமா பண்ற?"

"ஒண்ணுமில்ல. சும்மா பாத்துகினு கீறேன்."

"ரெண்டு நாளா கஞ்சிகூட எறங்கல. கெளம்பு, டாக்டராண்ட போலாம்."

"வோணாம்."

"ஏன் வோணாம்?"

"வோணாம்னா உடேண்டி!"

ஃபரா விடவில்லை. ஆபீசுக்கு லீவு சொல்லி, புர்காவை எடுத்து அம்மா மடியில் போட்டு, வாசலில் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கன்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்ற ரோட்டில் ஆட்டோ ராயபுரத்தை நோக்கி ஊர்ந்தது. போய்ச் சேராமலே இருந்தால் தேவலை என்றிருந்தது ஜெரினாவுக்கு. போனால் சொல்லிவிடுவார்கள். சொல்லாத வரைக்கும் அது இல்லை என்றுதானே அர்த்தம்?

டாக்டர் விளக்கை இழுத்து வாய்க்குள் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குள் ஜெரினா மனசுக்குள், சாகும்போது சொல்கிற கலிமாவையே ஓதிவிட்டாள்.

"பயப்படாதீங்க. ரத்தக்கட்டு பேந்து குழி காஞ்சு போச்சு, அவ்வளவுதான்."

"அவுருக்கும் பயப்படாதன்னுதான் சொன்னாங்க."

யாருக்கு என்று டாக்டருக்குப் புரியவில்லை. "கொப்பளிச்சீங்களா?"

"இல்ல."

"துப்பினீங்களா?"

"அல்லா மேல ஆணையா இல்லம்மா! மலிகாவ வேணா கேட்டுப் பாருங்க."

"அப்புறம் எப்படிப் பேந்துச்சு?" டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். ஜெரினாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. டாக்டருக்கே தெரியவில்லை என்றால், ரஷீதுக்கு வந்த அதேதான்.

கருவித் தட்டோடு நின்ற உதவியாளர் ஜஸீமா மெல்லக் கேட்டாள். "ஏங்க்கா, ஒளு செஞ்சீங்களா?"

"இது இன்னா கேள்வி? ஒளு இல்லாம எப்டித் தொழுவுறது? அஞ்சு வேளையும் செஞ்சேன்."

"வாய்க்கு மூணு தபா தண்ணி?"

"ஆமா. ரத்த வாட அடிக்குதேன்னு இன்னும் நல்லா அலசி அலசித் துப்பி..."

ஜெரினா அப்படியே நிறுத்திவிட்டாள்.

தொழுகைக்கு முன்னால் கை, வாய், மூக்கு, முகம் என்று கழுவுகிற ஒளுவை அவள் ஒரு நாளும் கொப்பளிப்பதாக நினைத்ததில்லை. கொப்பளிப்பது என்றால் சொம்பு, உப்பு, வெந்நீர். ஒளு என்றால் ஒளு. நாளைக்குப் பதினைந்து தடவை! புண் ஆற வேண்டும் என்று கேட்கப் போகிற ஒவ்வொரு வேளையும் அந்தப் புண்ணைத் தானே திறந்துவிட்டிருக்கிறாள் பாவி.

"எனக்கு இது தோணவே இல்லையே. நான் சொல்லியிருக்கணும்" என்றார் டாக்டர்.

"தண்ணிய வாயில வெச்சு, தலையச் சாச்சு அப்டியே வழிய உட்ருங்கக்கா. எங்கம்மா அப்டித்தான் செஞ்சாங்க" என்றாள் ஜஸீமா.

டாக்டர் குழியைக் கழுவி, கிராம்பு வாசம் அடிக்கிற மருந்தை வைத்து அடைத்தார். கொஞ்ச நேரத்தில் காதுக்குள்ளிருந்த இடி அடங்கியது. அது அடங்கிய பிறகுதான் ஜெரினாவுக்கு வாய் வந்தது.

"டாக்டரம்மா, அப்ப இது கேன்சர் இல்லியா? எங்க வூட்டுக்காரரு அதுலதான் பூட்டாரு. நா சாவ மாட்டேனா?"

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அவள் தோளைப் பிடித்தார். "இல்லம்மா. இது அது இல்ல. ரெண்டு நாளைக்கு ஒருதரம் வாங்க, ஆறுற வரைக்கும் நானே பாக்குறேன்."

இத்தனை நாள் மறைத்ததை மகள் எதிரில் கொட்டிவிட்டோமே என்று ஜெரினா திரும்பினாள். கூடவே உள்ளே வந்து உட்கார்ந்திருந்த ஃபரா நாற்காலியில் இல்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

"ஏய், இன்னாடி? அதான் ஒண்ணுமில்லன்ட்டாங்கல்ல?"

"அத்தாவுக்கு வந்தது உனக்கும் வந்துடுச்சுன்னு நெனச்சேம்மா. உனக்குத் தெரியக் கூடாதுன்னு கம்முனு இருந்தேன். ஆபீஸ் பாத்ரூம்ல போயி அழுதுட்டு வருவேன்."

ஜெரினா கழுத்தில் கட்டிய துணியோடு நாற்காலியிலிருந்து இறங்கி மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வீங்கிய வாயால் பேச்சு குழறியது.

"ஒரே வூட்ல, ஒரே பாயில படுத்துகினு, தனித்தனியா பயந்துகினு இருந்துகீறோம் பாரு. சொல்லியிருந்தா சேந்தாவது பயந்துருக்கலாமேடி."