பல் தெரிந்தால் தோல்வி

எங்கள் வீட்டில் சண்டைக்கு ஒரே ஒரு சட்டம்தான். யாருக்கு முதலில் பல் தெரிகிறதோ அவர் தோற்றார். நியாயம் உங்கள் பக்கமே இருக்கட்டும், சிரித்துவிட்டால் போச்சு, எதிராளி சொன்னதை வாயை மூடிக்கொண்டு செய்ய வேண்டும். அப்பா போட்ட சட்டம். பல்செட் செய்கிறவர் வேறு என்ன சட்டம் போடுவார்?

அதிகம் தோற்றவரும் அவர்தான். அம்மாவோடு இரண்டு நாள் பேச்சு நின்றுபோனால், சாப்பிடும்போது தன் பல்செட்டை நாக்கால் பாதி வெளியே தள்ளிக் காட்டுவார். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பாள். கடைசியில் அவரே குபீரென்று சிரித்துவிடுவார். சிரிப்பு முடியும்போது ஒரு விசில் வரும். மேல் செட் கொஞ்சம் தளர்வு. ஊருக்கெல்லாம் கச்சிதமாகச் செய்து கொடுத்தவருக்குத் தன்னுடையதைச் சரிசெய்ய நேரமே வாய்க்கவில்லை.

"அந்த மனுஷன் சிரிக்கலடி, விட்டுக்கொடுக்கறாரு" என்று அம்மா ஒருமுறை சொன்னாள். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அம்மா போய் ஆறு வருஷம். அப்பா போய் எட்டு மாதம். ஆனால் தினமும் மத்தியானம் இரண்டரைக்கு அவருடைய வேலை அறையில் அரம் தேய்க்கும் சத்தம் கேட்கிறது. சரக், சரக். கதவைத் திறந்தால் நின்றுவிடும். அலமாரி முழுக்க வாடிக்கையாளர்களின் வாய் அச்சுகள், மாவுக்கட்டு போடும் வெள்ளை மாவில் வார்த்தவை, வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். நடுவே கண்ணாடி டம்ளரில் அப்பாவின் பல்செட், மேல் வரிசை கீழ் வரிசைமேல் படிந்து, வாய் மூடியபடி. நான்தான் தினமும் தண்ணீர் மாற்றுகிறேன். முதலில் பயந்தேன். பிறகு அந்தச் சத்தம் துணையானது. மத்தியானம் வீட்டில் இருக்க வேண்டுமே என்று நூலக வேலையைக்கூட விட்டுவிட்டேன்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். லிஃப்ட் மெக்கானிக். எதையும் ஒரு பார்வையில் எடை போடுகிறவன். துருத்திய என் கழுத்தெலும்பைப் பார்த்தான், காலியாகக் கிடந்த ஃப்ரிட்ஜைப் பார்த்தான், தன் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னான். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது என்றேன். அவர் இல்லை என்றான். இருக்கிறார் என்றேன். ஒரு மணி நேரம் இதையே மாற்றி மாற்றிச் சொல்லி இரண்டு பேருக்கும் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

நாற்காலியை இழுத்து எனக்கு நேரே போட்டுக்கொண்டான்.

"சட்டப்படி தீர்த்துக்கலாம் பாப்பா. நீ சிரிச்சா இப்பவே என்கூட கிளம்பணும். நான் சிரிச்சா இந்தப் பேச்சையே இனி எடுக்க மாட்டேன்."

நாற்பத்திரண்டு வயதுப் பாப்பா நான். ஒத்துக்கொண்டேன்.

லிஃப்டில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்ட ஒருவரைப் பற்றி ஆரம்பித்தான். இதோ திறந்துவிடுகிறேன் என்று இவன் சொன்னதற்கு அவர், அவசரமில்லை தம்பி, வெளியே என் வீட்டுக்காரி நிற்கிறாள், அவள் போகட்டும் என்றாராம். கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டேன். பதிலுக்கு, மாவு அச்சை பிஸ்கட் என்று நினைத்துக் கடித்து சின்ன வயதில் அவன் தன் முன்பல்லை உடைத்துக்கொண்ட கதையை எடுத்துவிட்டேன். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உதடு மட்டும் பிரியவில்லை.

அப்போது சரக், சரக்.

அண்ணன் முகம் வெளுத்தது. அவனுக்கும் கேட்டிருக்கிறது. எலியாக இருக்கும் என்று உதடு பிரியாமல் முனகினான். சத்தம் நின்றது. பிறகு உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு குபீரென்று கிளம்பி, நீண்டு, கடைசியில் விசிலோடு முடிந்தது.

எங்கள் இரண்டு பேர் வாயும் மூடித்தான் இருந்தது.

உள்ளே போனோம். அச்சுகள் அப்படியே இருந்தன. டம்ளரில் தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் பல்செட் விலகி, வாய் திறந்து கிடந்தது.

"பல்லு தெரிஞ்சிருச்சு" என்றான் அண்ணன், மூச்சே இல்லாமல்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தாயா, இருக்கிறார், நான் சொன்னேனே என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் அம்மா சொன்னது ஞாபகத்துக்கு வந்தது: சிரிக்கவில்லை, விட்டுக்கொடுக்கிறார். இந்தச் சண்டையில் என் பக்கம் இருந்தவர் அப்பா ஒருத்தர்தான். அவர் சிரித்தால் தோற்றது என் பக்கம்.

"அப்பா, இது செல்லாது. இன்னொரு தடவை" என்றேன்.

ஐந்து மணி வரை அரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அண்ணன் அவசரப்படுத்தவில்லை. சரக் என்று ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லை. வீடு முதல்முறையாக வெறும் வீடாக இருந்தது.

எழுந்து டம்ளர் தண்ணீரைக் கொட்டினேன். பல்செட்டைத் துடைத்து, கைக்குட்டையில் சுற்றி என் துணிப்பெட்டியில் வைத்தேன். வாசலில் பூட்டைத் திருகும்போது தாங்க முடியவில்லை, வாய்விட்டு அழுதேன். அழுதால் பல் தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது. அண்ணன் அதைப் பார்க்காதது மாதிரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.