மூடி மட்டும்தான்

தமயந்தி நகைப்பெட்டியைக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டினாள். உள்ளே அவளுடைய ஜிமிக்கிகள் கிணுகிணுத்தன. முதல் சம்பளத்தில் வாங்கியவை, குளிக்கும்போதும் கழற்றாதவை. கல்யாண நாள் பரிசாகத் தான் செய்த இந்தப் பெட்டியை வீடியோ எடுக்க வேண்டும் என்று நேற்றுக் காலை கணவன் உத்தமன் கெஞ்சிக் கேட்டதால் கழற்றிக் கொடுத்திருந்தாள். இன்று ஞாயிறு மதியம். பெட்டி திறக்க மறுத்தது.

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியின் அந்த ஒன்பதாவது மாடி பால்கனி மூன்று மாதமாகத் துணி காயும் இடம் என்ற தகுதியை இழந்து ‘ஸ்டூடியோ’ ஆகியிருந்தது. அவள் கணவன் தோல் ஏப்ரன் வாங்கினான். ஜப்பான் ரம்பம் வாங்கினான். பொறுமைதான் மரம் தரும் முதல் பாடம் என்று ஆபீஸ் மீட்டிங்கில் ஸ்லைடு போட்டான். பொம்மசந்திராவில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் நாகேஷ், வார்னிஷ் டப்பாவை நீட்டியபடி கன்னடம் கலந்த தமிழில், “அர்ஜென்ட் பண்ணாதீங்க சார், ஸ்வல்ப காயட்டும், மூணு நாள் மூடாதீங்க” என்று சொன்னதையும் இவனே வந்து சிரித்துக்கொண்டு சொன்னான். மரத்தைப் பற்றித் தனக்கே பாடமா என்ற சிரிப்பு.

ஆனால் மூடி வந்து அமரும்போது வீடியோவுக்கென்றே செய்ததுபோல ஒரு சத்தம் எழுந்தது. ஈர வார்னிஷில் அது இன்னும் மெத்தென்று வந்தது. ஜிமிக்கிகளை உள்ளே வைத்துப் பதினேழு முறை மூடிப் படம் பிடித்தான். பதினேழாவதில்தான் வெளிச்சம் சரியாக விழுந்தது. அப்படியே வைத்துவிட்டு இசை சேர்க்கப் போனான். நானூறு லைக் வருவதற்குள் வார்னிஷ் காய்ந்து மூடி விளிம்போடு ஒட்டி இறுகிவிட்டது.

வெறுங்காதில் காற்று படுவது அவளுக்கு விநோதமாக இருந்தது. காதுகள் மட்டும் அந்தப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, அங்கிருந்து அவளைக் கூப்பிடுவதுபோல. கீழே மேம்பாலத்தை மேகம் பாதி தின்றிருந்தது. கார்கள் அதற்குள் போய்க் கரைந்தன.

பெட்டி இப்படியே ஒரு கலைப்பொருளாக இருக்கட்டும், வேறு ஜோடி வாங்கித் தருகிறேன் என்றான் உத்தமன்.

“புதுசு வேணாங்க. என்னுது வேணும்.”

அவள் உளியை எடுத்து மூடியின் இடுக்கில் வைத்தாள். உத்தமன் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான்.

“தமயந்தி, நாலு மூலையும் நாகேஷ் போட்டது. அடிப்பலகை கூட அவருதான்.” குரல் இறங்கியது. “மூடி மட்டும்தான் நான் செஞ்சது.”

அவள் மூடியைத் தடவிப் பார்த்தாள். ஒரு பக்கம் நூலளவு தாழ்ந்திருந்தது. நடுவில் ரம்பம் வழுக்கிய கீறல் ஒன்று. அவன் கட்டைவிரலில் அதே நீளத்துக்கு பிளாஸ்டர். இத்தனை நாளில் இதைப் பற்றி மட்டும் அவன் யாரிடமும் பேசவில்லை.

“இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“ஏற்கெனவே ஸ்லைடு போட்டுட்டேனே.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பெட்டியைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

“அப்ப அடிய பேத்துடலாம். நாகேஷ் ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு. நீங்க கெட்டியா புடிங்க.”

உத்தமன் எதிரில் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் மூடியைத் தாங்கிக்கொண்டான். உள்ளே ஜிமிக்கிகள் சரிந்து, அவன் இழைத்த பலகையின் மேல் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. உளி அடியில் பதிவதற்கு முன் இருவரும் ஒரு கணம் தலை சாய்த்து அதைக் கேட்டார்கள். போன் அறைக்குள் எங்கோ கிடந்தது.